கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு பெயர்

இன்றைய நாளிதழின் கடைசிப் பக்கத்தை எடுத்து, அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். அச்சிட்டு வெளியிடுபவர் இன்னார், அச்சிட்ட இடம் இன்ன தெரு, ஆசிரியர் இன்னார் என்று இரண்டு மூன்று வரிகள் இருக்கும். செய்திகளைத் தேர்ந்தெடுத்த சட்டப் பொறுப்பு இவருடையது என்று நட்சத்திரக் குறி போட்டுச் சில இதழ்கள் சேர்த்துக்கொள்ளும். வாசகர் யாரும் அதைப் படிப்பதில்லை, அது அவருக்காகப் போடப்பட்டதும் இல்லை. வழக்குப் போட வேண்டி வந்தால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அரசுக்குத் தெரிவதற்காகவே அந்த வரி பிறந்தது.

இந்தியாவில் அதைக் கட்டாயமாக்கியது 1867ஆம் ஆண்டின் அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டம். முன்மாதிரி பிரிட்டனில் 1799இல் வந்த சட்டம். பிரெஞ்சுப் புரட்சியைப் பார்த்து நடுங்கிய லண்டன் அரசு, அச்சு இயந்திரம் வைத்திருப்பவர் அதைப் பதிவு செய்ய வேண்டும், அச்சிடும் ஒவ்வொரு தாளிலும் பெயரும் முகவரியும் போட வேண்டும் என்றது. மீறினால் பிரதி ஒன்றுக்கு 20 பவுண்டு அபராதம். எழுத்து வார்ப்பவர்கள்கூட யாருக்கு எவ்வளவு ஈய எழுத்து விற்றோம் என்று கணக்கு வைக்க வேண்டியிருந்தது. பத்திரிகைச் சுதந்திரம் என்றதும் எழுத்தாளரின் பேனாதான் நினைவுக்கு வரும். வழக்குகளின் வரலாற்றைப் பார்த்தாலோ, சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் எழுதியவர்களே இல்லை. அச்சிட்டவர், கடையில் நின்று விற்றவர், தெருவில் கூவி விற்றவர், சில சமயம் அவர்களுடைய மனைவியும் சகோதரியும்.

தணிக்கை இல்லாத நாட்டில் எப்படி வாயை அடைப்பது?

இங்கிலாந்தில் அச்சுக்கு முன் அனுமதி வாங்கும் உரிமச் சட்டம் 1695இல் காலாவதியானது. அதன்பின் எதையும் யாரும் அச்சிடலாம். 18ஆம் நூற்றாண்டின் பெரிய சட்ட அறிஞர் பிளாக்ஸ்டோன் சுதந்திரத்துக்குச் சொன்ன விளக்கம் இவ்வளவுதான்: முன்கூட்டித் தடை கிடையாது, அச்சிட்ட பிறகு வருவதை அச்சிட்டவர் ஏற்க வேண்டும்.

அந்தப் ‘பிறகு வருவது’தான் லைபல். இன்று நாம் அவதூறு என்று சொல்வது அதில் ஒரு கிளை மட்டுமே. சொல்லின் வேர் லத்தீனில் ‘சிறு புத்தகம்’ என்று பொருள் தரும். அரசையும் அமைச்சர்களையும் மக்கள் வெறுக்கும்படி எழுதினால் ராஜத்துரோக லைபல், கிறிஸ்தவ மதத்தை மறுத்தோ கேலி செய்தோ எழுதினால் மத நிந்தனை லைபல். எழுதியது உண்மை என்று நிரூபித்தால் தப்பிக்கலாமா என்று புதிதாகப் படிப்பவர்கள் கேட்பார்கள். முடியாது. உண்மையா பொய்யா என்ற கேள்வியையே நீதிமன்றம் எடுக்காது. அமைச்சர் லஞ்சம் வாங்கினார் என்பது உண்மையாக இருந்தால் மக்களின் கோபம் இன்னும் அதிகமாகும், ஆகவே குற்றமும் பெரிது என்பதுதான் வாதம். பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை என்ற தற்காப்பு 1843இல்தான் சட்டத்தில் ஏறியது.

இன்னொரு பூட்டு ஜூரிகளுக்கு, அதாவது வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் குடிமக்கள் குழுவுக்குப் போட்டது. ‘இந்தத் தாளை இவர் வெளியிட்டாரா’ என்பதை மட்டும் ஜூரி சொல்ல வேண்டும், அது குற்றமுள்ள எழுத்தா என்பதை நீதிபதி முடிவு செய்வார் என்று நீதிபதிகள் வைத்திருந்தார்கள். கடையில் விற்றதை யார் மறுக்க முடியும்? வழக்கு பாதி அங்கேயே முடிந்துவிடும். 1792இல் அரசியல்வாதி ஃபாக்ஸ் கொண்டுவந்த லைபல் சட்டம் இதை மாற்றி, முழு வழக்கிலும் குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் உரிமையை ஜூரிக்குக் கொடுத்தது. அதனால் எல்லாம் தலைகீழாகிவிடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், மன்னராட்சியை எதிர்த்து எழுதிய தாமஸ் பெயின் ‘மனித உரிமைகள்’ நூலின் இரண்டாம் பாகத்துக்காக, அவர் பிரான்சில் இருக்கும்போதே, குற்றவாளி என்று தீர்ப்பானார். முதல் பாகம் மூன்று ஷில்லிங்குக்கு (ஒரு ஷில்லிங் 12 பென்ஸ்) விற்கும் வரை அரசு பொறுத்துக்கொண்டது. ஆறு பென்ஸ் மலிவுப் பதிப்பு வந்து தொழிலாளிகள் கையில் ஏறியபோதுதான் பொறுமை போனது. ஏறக்குறைய அடுத்த எண்பது ஆண்டுச் சண்டையும் எழுத்தைப் பற்றியதைவிட விலையைப் பற்றியது என்பதற்கு இது முதல் அடையாளம்.

வழக்கு எப்படி நடந்தது

அரசின் ஆளோ, ஒழுக்கச் சங்கம் ஒன்றின் ஆளோ கடைக்கு வந்து ஒரு பிரதி வாங்குவார். வெளியே போனதும் அதன் மேல் தேதியும் தன் கையெழுத்தும் போட்டு வைப்பார். அவ்வளவுதான் சாட்சி, விற்றவர் முகத்தை அடையாளம் காட்டினால் போதும்.

பிறகு அரசின் தலைமை வழக்கறிஞர் நேரடியாகக் குற்றப்பத்திரம் தாக்கல் செய்வார். சாதாரண வழக்கில் பெரிய ஜூரி ஒன்று முதலில் பார்த்து, வழக்குக்கு அடிப்படை உண்டா என்று சொல்ல வேண்டும். லைபல் வழக்கில் அந்தப் படியைத் தாண்டிப் போக அவருக்கு அதிகாரம் இருந்தது. தாக்கல் செய்துவிட்டு விசாரணைக்குக் கொண்டுவராமல் வருஷக்கணக்கில் தொங்கவிடவும் முடியும். பதிப்பாளர் வாய் திறந்தால் பழைய வழக்கு உயிர் பெறும், பொத்திக்கொண்டிருந்தால் தூங்கும். என் பார்வையில் தண்டனையைவிட இதுவே கொடிய ஆயுதம். தீர்ப்பே இல்லாததால் மேல்முறையீட்டுக்கும் வழி இல்லை, செய்தியாகவும் ஆகாது.

விசாரணைக்கு வந்தால் தனி ஜூரி. சொத்துள்ள வணிகர்கள் பட்டியலிலிருந்து எடுத்த ஆட்கள், ஒரு வழக்குக்கு ஆளுக்கு ஒரு கினி (21 ஷில்லிங்) படி. தீர்ப்புப் பாதகமானால் சிறை, அபராதம், அவற்றோடு விடுதலைக்குப் பின் சில வருஷம் நன்னடத்தைக்குப் பிணை. அபராதம் கட்டாவிட்டால் சிறைக்காலம் முடிந்தும் வெளியே வர முடியாது.

மூன்று நாளில் மூன்று வழக்கு

இந்த இயந்திரம் பல்லுடைந்த கதைக்கு 1817 டிசம்பருக்குப் போக வேண்டும். வில்லியம் ஹோன் லண்டனில் ஒரு சில்லறைப் பதிப்பாளர், பழம்புத்தகப் பித்தர், கையில் காசில்லாதவர். அமைச்சர்களைக் கிண்டல் செய்ய அவர் எடுத்துக்கொண்ட வடிவம் ஆங்கிலிக்கன் திருச்சபையின் ஜெப நூல். ஞானோபதேசத்தின் கேள்வி பதில், மன்றாட்டு மாலை, விசுவாசப் பிரமாணம் ஆகிய மூன்றின் ஓசையிலும் மூன்று நையாண்டிகள். மூன்றுக்கும் தனித்தனி வழக்கு. அடிபட்டவர்கள் அமைச்சர்கள், குற்றச்சாட்டோ மத நிந்தனை. காரணம் எளிது: அமைச்சரைத் திட்டியதற்கு ஜூரி கண்டுகொள்ளாமல் போகலாம், ஜெபத்தைக் கேலி செய்ததற்குத் தண்டிக்காமல் விட மனசாட்சி உறுத்தும் என்ற கணக்கு.

டிசம்பர் 18, 19, 20 என்று அடுத்தடுத்து மூன்று நாள் லண்டன் கில்டுஹாலில் விசாரணை. வக்கீல் வைக்க வழியில்லாத ஹோன் தானே வாதாடினார். மேசைமேல் பழம்புத்தகங்களை அடுக்கி வைத்துக்கொண்டு, வேதத்தையும் ஜெபத்தையும் வைத்து இதற்கு முன் யார் யார் நையாண்டி எழுதினார்கள் என்று ஒவ்வொன்றாக வாசித்தார். மார்ட்டின் லூதர் எழுதியிருக்கிறார். பதவியில் இருக்கும் அமைச்சர் கேனிங்கின் கோஷ்டியும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறது. அவர்கள்மேல் வழக்கு இல்லை, என்மேல் மட்டும் ஏன்? நான் கேலி செய்தது ஜெபத்தையா, உங்களையா? இதுதான் அவருடைய முழு வாதம். முதல் நாள் ஆறு மணி நேரம், அடுத்த நாள் ஏழு, மூன்றாம் நாள் எட்டுக்கு அருகில் பேசினார் என்பது கணக்கு.

அரசுத் தரப்பு செய்த பெரிய தப்பு, குற்றமுள்ள பகுதியை நீதிமன்றத்தில் உரக்கப் படித்துக் காட்டியது. படித்தால்தான் வழக்கு, படித்தால் மண்டபமே சிரிக்கிறது. ஷெரீப் சிரிப்பவரைப் பிடித்துக் கொண்டுவரச் சொன்னால் யாரைப் பிடிப்பது? முதல் நாள் ஜூரி கால் மணி நேரத்தில் விடுதலை என்றது. இரண்டாம் நாள் தலைமை நீதிபதி எல்லன்பரோ பிரபு நோயோடு தானே வந்து உட்கார்ந்து, இது தெய்வ நிந்தனைதான் என்று ஜூரியிடம் அழுத்தமாகச் சொன்னார். மீண்டும் விடுதலை. மூன்றாம் நாள், நிற்கவே தள்ளாடிய ஹோனுக்கு மறுபடியும் விடுதலை. 1792 சட்டம் இல்லாதிருந்தால் மூன்று நாளும் நீதிபதி சொன்னதே தீர்ப்பாகியிருக்கும். பொதுமக்கள் நிதி திரட்டி 3,000 பவுண்டுக்குமேல் அவருக்குக் கொடுத்தார்கள்.

அதே நையாண்டிகளை மறுபதிப்புச் செய்ததற்காக இன்னொருவர் விசாரணையே இல்லாமல் 18 வாரம் உள்ளே இருந்தார். ஹோன் விடுதலையானதும் அவரையும் விட்டார்கள். அவர் பெயர் ரிச்சர்ட் கார்லைல்.

கடைப்பையன்களின் போர்

கார்லைல் டெவன் பகுதியைச் சேர்ந்த தகரக் கொல்லர். ஃப்ளீட் தெரு 55ஆம் எண் கடையில் பெயினின் ‘பகுத்தறிவின் காலம்’ நூலை மீண்டும் அச்சிட்டு விற்றார். பைபிளைக் கேள்வி கேட்கும் நூல் அது. 1819 அக்டோபரில் விசாரணை. ஹோன் தப்பிய வழி இவருக்குத் திறக்காது என்பது அவருக்கே தெரியும், இவர் கேலி செய்யவில்லை, நேராகவே மறுத்திருந்தார். ஆகவே வேறு தந்திரம். தற்காப்பு வாதத்தின் பகுதி என்று சொல்லி நூல் முழுவதையும் நீதிமன்றத்தில் வாசித்தார். நீதிமன்றத்தில் பேசப்பட்டதை விசாரணை அறிக்கையாக வெளியிடுவது வழக்கம். தடைசெய்த நூல் அறிக்கையின் வடிவில் வெளியே வந்து மலிவு விலையில் தெருவில் விற்றது.

தண்டனை மூன்று ஆண்டு, அபராதம் 1,500 பவுண்டு. அவர் அபராதம் கட்டவில்லை. ஆகவே மூன்று ஆண்டு ஆறு ஆண்டாகி, டார்செஸ்டர் சிறையிலிருந்து 1825 நவம்பரில்தான் வெளியே வந்தார். அவ்வளவு காலமும் ‘ரிபப்ளிக்கன்’ வார இதழைச் சிறைக்குள்ளிருந்தே நடத்தினார்.

கடையை யார் நடத்துவது? முதலில் மனைவி ஜேன். அவரைப் பிடித்து அதே டார்செஸ்டர் சிறைக்கு அனுப்பினார்கள். அடுத்து கார்லைலின் சகோதரி மேரி ஆன். அவருக்கும் சிறை, கூடவே 500 பவுண்டு அபராதம். அதன் பிறகு ‘ரிபப்ளிக்கன்’ இதழில் அழைப்பு வந்தது: கடையில் நின்று விற்க, அதாவது சிறைக்குப் போக, தொண்டர்கள் தேவை. வெளியூர்களிலிருந்து தொழிலாளிகள் வந்து வரிசையாக நின்றார்கள். நாட்டிங்காமில் பூவேலைத் துணி தைத்த சூசன்னா ரைட் கைக்குழந்தையோடு சிறை சென்றார்.

சாட்சி விஷயத்தை மறுபடி நினைத்துக்கொள்ளுங்கள். விற்றவர் முகத்தை அடையாளம் காட்டினால்தான் வழக்கு. அந்தச் சங்கிலியை அறுக்கக் கடையில் ஒரு பொறி அமைத்தார்கள். சுவரில் கடிகார முகம்போல ஒரு வட்டம், எண்களுக்குப் பதில் நூல்களின் பெயர்கள். வேண்டிய பெயருக்கு நேரே முள்ளைத் திருப்பிக் காசைப் போட்டால் மறைவிலிருந்து நூல் கீழே சறுக்கி வரும். தடுப்புக்குப் பின்னால் யார் என்று தெரியாது. பொறி சாமர்த்தியமானதுதான், ஆனாலும் 1824இல் கடைப் பணியாளர்கள் பலர் கைதானதை அது தடுக்கவில்லை. அவர்களும் சும்மா இருக்கவில்லை, நியூகேட் சிறைக்குள்ளிருந்தே ஒரு மாத இதழைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வழக்கும் இலவச விளம்பரமாகிறது, ஒரு கடைக்காரரை எடுத்தால் இன்னொருவர் நிற்கிறார் என்று தெரிந்த பிறகு அரசு மெல்லமெல்லக் கையை இழுத்துக்கொண்டது. வழக்குகளுக்குப் பணம் போட்டு வந்த தனியார் ஒழுக்கச் சங்கங்களுக்கும் அதே சலிப்பு.

சிவப்பு முத்திரை

வழக்கு சத்தம் போடும் ஆயுதம். வரி சத்தமில்லாதது.

1712இல் பத்திரிகைத் தாளுக்கு அரைப் பென்னி, ஒரு பென்னி என்று ஆரம்பித்த முத்திரை வரி, படிப்படியாக ஏறி 1815இல் ஒரு பிரதிக்கு நான்கு பென்ஸ் ஆயிற்று. காகிதத்துக்குத் தனி வரி, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மூன்றரை ஷில்லிங் வரி. அச்சடிக்கும் முன்பே வெள்ளைத் தாளை முத்திரை அலுவலகத்துக்கு அனுப்பிப் பணம் கட்டிச் சிவப்பு முத்திரை குத்தி வாங்க வேண்டும், அதாவது முதல் பிரதி விற்கும் முன்பே கையில் முதலீடு இருக்க வேண்டும். ‘டைம்ஸ்’ விலை ஏழு பென்ஸ். அன்றைய பணத்தில் 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. வாரத்துக்கு ஆறு இதழ் என்றால் மூன்றரை ஷில்லிங். பண்ணைக் கூலியாள் ஒருவருக்கு வாரத்துக்குச் சுமார் பத்து ஷில்லிங் வந்தால் பெரிது.

இதில் ஒரு ஓட்டை இருந்தது. வரி செய்திக்குத்தான், கருத்துக்கு இல்லை. சீர்திருத்தம் கேட்ட இதழாளர் வில்லியம் காபெட் 1816இல் செய்தியை விட்டுவிட்டுக் கட்டுரையை மட்டும் ஒற்றைத் தாளில் அச்சிட்டு இரண்டு பென்ஸுக்கு விற்றார், கடல்போல் விற்றது. மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர் மைதானத்தில் கூடிய மக்கள்மேல் குதிரைப்படை பாய்ந்த பீட்டர்லூ படுகொலை 1819 ஆகஸ்டில். அந்த ஆண்டு முடிவதற்குள் வந்த ஆறு சட்டங்களில் ஒன்று இந்த ஓட்டையை அடைத்தது. 26 நாளுக்கு ஒரு முறைக்கு மேல் வரும், ஆறு பென்ஸுக்குக் குறைந்த, செய்தியோ செய்தி மீதான கருத்தோ உள்ள எந்தத் தாளும் முத்திரை வரி கட்ட வேண்டும். அதோடு பதிப்பாளர் முன்கூட்டியே பிணை எழுதிக் கொடுக்க வேண்டும், லண்டனில் 300 பவுண்டு, வெளியூரில் 200. இந்தப் பிணையை மறந்துவிடாதீர்கள், கடல் தாண்டி வரப்போகிறது.

ஆறு பென்ஸ் என்ற வரம்பைப் பாருங்கள். விலை அதிகமான மாத இதழில் அதே கருத்தைப் படிக்கலாம், சட்டம் தொடாது. கருத்து யார் கைக்குப் போகிறது என்பதில்தான் கண். முத்திரை வரிக்கு ‘அறிவுக்கு வரி’ என்று எதிர்ப்பாளர்கள் பெயர் வைத்தது மிகையில்லை.

1831 ஜூலையில் ஹென்றி ஹெதரிங்டன் என்ற அச்சுத் தொழிலாளி ‘ஏழைகளின் காவலன்’ என்று பொருள்படும் வார இதழை ஒரு பென்னிக்கு, முத்திரையே இல்லாமல், வெளியிட்டார். சட்டத்துக்கு விரோதமாக வெளியிடப்படுகிறது என்று முதல் பக்கத்திலேயே போட்டார். சிவப்பு முத்திரை இருக்க வேண்டிய மூலையில் ஒரு கையச்சு இயந்திரத்தின் படம், அதைச் சுற்றி அச்சின் விடுதலையைச் சொல்லும் வாசகம். அவருக்கு ஆறு மாதச் சிறை இரண்டு முறை. மான்செஸ்டரில் விற்ற ஏபல் ஹேவுட் நான்கு மாதம் உள்ளே இருந்தார். அதே ஹேவுட் பிற்பாடு அந்த நகரத்தின் மேயர் ஆனார், நகர மண்டபத்தின் பெரிய மணிக்கே அவர் பெயர்.

அதிக அடி வாங்கியவர்கள் தெருவில் விற்றவர்கள். முத்திரையில்லாத தாளைக் கூவி விற்பவரை ஜூரி இல்லாமலேயே மாஜிஸ்திரேட் மூன்று மாதம் வரை உள்ளே தள்ளலாம். பிடித்துக் கொடுப்பவருக்கு வெகுமதி. பதிலுக்கு இவர்கள் பக்கமும் ஏற்பாடு தயார். வேலையில்லாதவர்கள், சிறைக்கு அஞ்சாதவர்கள் வேண்டும் என்று விளம்பரம் செய்து விற்பனையாளர்களைச் சேர்த்தார்கள். உள்ளே போனவர் குடும்பத்துக்குப் பணம் தர ஒரு நிதி. அச்சகத்தின் முன் வாசலில் காவலர் நின்றால், வெற்றுக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஒருவர் ஓடுவார், காவலர் அவரைத் துரத்தும்போது உண்மையான கட்டு பின்வாசலில் போகும். சவப்பெட்டிக்குள் வைத்துக் கடத்தியதும் உண்டு. வரி காகிதத்துக்குத்தானே என்று பெர்த்தோல்டு என்பவர் 1831இல் பருத்தித் துணியில் பத்திரிகை அச்சிட்டு, கைக்குட்டை என்று விற்றார். சட்டத்தின் சொற்களை அப்படியே எடுத்துக்கொண்டு சட்டத்தை நக்கலடிப்பதில் இந்தக் கூட்டத்துக்கு நிகரில்லை.

1834 ஜூனில் ஹெதரிங்டன் வழக்கு நீதிபதி லிண்ட்ஹர்ஸ்ட் பிரபு முன் வந்தபோது ஜூரி, ‘ஏழைகளின் காவலன்’ சட்டப்படி செய்தித்தாளே அல்ல என்று சொல்லிவிட்டது. ஏறக்குறைய மூன்று ஆண்டாக எதற்காக ஆட்களைப் பிடித்தார்களோ அந்தக் குற்றமே இல்லை என்று பொருள். தன் பிரதிகளை விற்றதற்காக 500க்கு மேற்பட்டோர் அநியாயமாகச் சிறையில் இருந்தார்கள் என்று அதன்பின் அந்த இதழ் தன் தலைப்பிலேயே அச்சிட்டது.

1836இல் வரி நான்கு பென்ஸிலிருந்து ஒரு பென்னியாகக் குறைந்தது. வெற்றி என்று பல புத்தகங்கள் எழுதுகின்றன, நான் அப்படி எழுதமாட்டேன். வரியைக் குறைத்த கையோடு, முத்திரையில்லாத இதழின் அச்சகத்தைச் சோதனையிடவும் இயந்திரத்தைப் பறிக்கவும் அதிகாரத்தை அரசு கூட்டிக்கொண்டது. பணக்காரர் இதழ் மலிவானது, ஒரு பென்னி இதழ் செத்தது. ஹெதரிங்டனே முத்திரை வாங்கி விலையை ஏற்ற வேண்டியதாயிற்று. விளம்பர வரி 1853இலும், முத்திரை வரி 1855இலும், காகித வரி 1861இலும்தான் ஒழிந்தன. முத்திரை போன அதே ஆண்டே ‘டெய்லி டெலிகிராஃப்’ ஒரு பென்னி நாளிதழானது.

பிணைத்தொகை மட்டும் சட்டப் புத்தகத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. 1868இல் நாத்திகர் சார்லஸ் பிராட்லாவின் ‘நேஷனல் ரிஃபார்மர்’ மீது அதைத் தூசு தட்டி எடுத்தார்கள். பிணை கொடுக்க மறுத்த அவர், மாட்சிமை தாங்கிய மகாராணியின் அரசை மீறி வெளியிடப்படுகிறது என்று இதழில் அச்சடித்தார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் பிணைச் சட்டத்தை ரத்து செய்தது. 1877இல் அதே பிராட்லா இன்னொருவரோடு சேர்ந்து கருத்தடை பற்றிய ஒரு சிறு நூலை ஆறு பென்ஸுக்கு வெளியிட்டு ஆபாச வழக்கில் நின்றார். கூட நின்றவர் அன்னி பெசன்ட். இருவருக்கும் ஆறு மாதச் சிறை, 200 பவுண்டு அபராதம் என்ற தீர்ப்பு, குற்றப்பத்திரத்தில் இன்ன சொற்கள் ஆபாசம் என்று எடுத்துக் காட்டவில்லை என்ற குறையால் மேல்முறையீட்டில் விழுந்தது.

சென்னைக்கு வந்த பிணை

இங்கிலாந்து கழித்துப் போட்டதை எல்லாம் இந்தியாவில் புதிதாகப் பூட்டினார்கள். 1870இல் தண்டனைச் சட்டத்தில் 124ஏ பிரிவு ஏறியது. தமிழில் இதைத் ‘தேசத்துரோகம்’ என்று எழுதும் வழக்கம் பிழை. பிரிவு பேசியது நாட்டைப் பற்றியல்ல, அரசாங்கத்தின்மேல் வெறுப்பு மூட்டுவதைப் பற்றி. ராஜத்துரோகம் என்ற பழைய சொல்லே சரி. திலகர் இதன்கீழ் 1897இல் 18 மாதமும், 1908இல் ஆறு ஆண்டும் தண்டனை பெற்றார். இரண்டாம் வழக்கில் ஜூரியில் ஏழு பேர் குற்றவாளி என்றார்கள், இரண்டு பேர் இல்லை என்றார்கள். இந்தியாவில் அந்தப் பெரும்பான்மையே போதும்.

அதே 1908இல் சென்னையில் ‘இந்தியா’ வார இதழ்மேல் வழக்கு வந்தது. அதை எழுதியவர் பாரதியார் என்று ஊருக்கே தெரியும். பதிவேட்டில் இருந்த பெயரோ எம். ஸ்ரீனிவாசன். கைதாகித் தண்டனை பெற்றவர் அவர்தான். பாரதியார் பிரெஞ்சுப் புதுச்சேரிக்குப் போனார், இதழும் பின்னாலேயே போய் அங்கிருந்து வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது வருவதைத் தடுத்ததும் 1910 மார்ச்சில் நின்றது. ஒரு வரிப் பெயர் என்ன செய்யும் என்பதற்குத் தமிழில் இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

1910இன் அச்சகச் சட்டம், இங்கிலாந்து 1869இல் தூக்கியெறிந்த பிணையை ஜாமீன் தொகை என்ற பெயரில் கொண்டுவந்தது. புது அச்சகம் 500 ரூபாயிலிருந்து 2,000 வரை கட்ட வேண்டும். எழுத்து பிடிக்காவிட்டால் அரசே அதைப் பறிமுதல் செய்யும். மறுபடி நடத்த வேண்டுமானால் 10,000 வரை. ஜூரி கிடையாது. உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம், ஆனால் தன் எழுத்து சட்டத்துக்குள் வராது என்று நிரூபிக்கும் சுமை அச்சகத்தார் தலையில். ஹோன் சிரிக்க வைத்த அந்த மண்டபத்தையே இந்தச் சட்டம் இல்லாமல் செய்துவிட்டது.

1916 மே மாதம் சென்னை அரசு ‘நியூ இந்தியா’ நாளிதழிடம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. ஆகஸ்டில் அதைப் பறித்துக்கொண்டு 10,000 கேட்டது. கட்டி நடத்திய ஆசிரியர், லண்டனில் பிராட்லாவோடு கூண்டில் நின்ற அதே அன்னி பெசன்ட். உயர் நீதிமன்றமும் பிறகு அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சிலும் அவர் முறையீட்டைத் தள்ளின. சட்டம் 1922இல் ரத்தானது. 1931இல் அச்சக அவசர அதிகாரச் சட்டத்தின் பெயரில் ஜாமீன் திரும்பி வந்தது.

ஈரோட்டில் ‘குடி அரசு’ இதழில் 1933 அக்டோபர் 29இல் வந்த தலையங்கத்துக்காகப் பெரியார்மேல் ராஜத்துரோக வழக்கு. கூடவே அவர் தங்கை கண்ணம்மாள்மேலும். இதழின் வெளியீட்டாளர் என்று பதிவாகியிருந்தது அவர் பெயர். இருவரும் சிறை சென்றார்கள். பதிவும் ஜாமீனும் இதழின் பெயரோடு ஒட்டியவை என்பதால், ‘குடி அரசு’ நின்ற இடத்தில் நவம்பரிலேயே ‘புரட்சி’ வந்தது. அதற்கும் நெருக்கடி வந்தபோது 1934இல் ‘பகுத்தறிவு’ வந்தது.